பூனைக்கு ‘மியாவ்’ மட்டும்தானா? விலங்குகள் நட்சத்திரமாகும் படங்களை நாம் எப்படிப் பார்க்கிறோம்?

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்த் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒருபக்கம் பர்கூர் மாடும் காங்கேயம் மாடும் விலைபேசப்படும். இன்னொருபக்கம் குதிரைச் சந்தை. அங்கே கூட்டம் வட்டம் கட்டி நின்றால், நடுவில் ஒரு குதிரை ஆடுகிறது என்று அர்த்தம். மேள அடிக்குத் தகுந்தாற்போல் முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கும். நாட்டியக் குதிரை என்பார்கள். செல்போன்கள் எல்லாம் மேலே உயரும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கூட்டத்தில் என் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த என் மகள் கேட்டாள்: “அப்புச்சி, அந்தக் குதிரைக்கு ஆடறதுக்குப் புடிச்சிருக்குங்களா?”

அப்பா சிரித்தார். “அதுக்கென்ன சாமி தெரியும்? பழக்குனாங்க, ஆடுது.”

அந்த வாரமே வீட்டில் ‘சிங்’ படம் ஓடியது. கோலா, பன்றி, முள்ளம்பன்றி, கொரில்லா, யானை எல்லாம் மேடையேறிப் பாடும் ஹாலிவுட் அனிமேஷன். அப்பாவுக்கு அது ‘பொம்மப் படம்’. மகளுக்கு நான்காவது தடவை. எனக்கோ, முதல் தடவை பார்த்தபோது ‘இதுல புதுசா என்ன இருக்கு?’ என்றுதான் தோன்றியது. ஒரே வீட்டில் மூன்று கருத்து.

உலகம் முழுக்கவே இந்த வகைப் படங்களுக்கு இதுதான் நிலைமை. விமர்சகர்கள் ஒன்று சொல்வார்கள், டிக்கெட் வாங்கியவர்கள் வேறு சொல்வார்கள். ஏன் இந்த வித்தியாசம்? விலங்கு நட்சத்திரமாக ஆசைப்படும் கதையில் நாம் பார்ப்பது விலங்கையா, நம்மையா?

‘சிங்’: விமர்சகர் ஒருபக்கம், ரசிகர் ஒருபக்கம்

‘சிங்’ 2016 டிசம்பரில் வெளியானது. இல்யூமினேஷன் நிறுவனத் தயாரிப்பு; இயக்கம் கார்த் ஜென்னிங்ஸ். கதை எளிமையானது. பஸ்டர் மூன் என்ற கோலா, கடனில் மூழ்கும் தன் நாடக அரங்கைக் காப்பாற்ற ஒரு பாட்டுப் போட்டி அறிவிக்கிறது. பரிசு ஆயிரம் டாலர். நோட்டீஸ் தயாரிக்கும் வயதான உதவியாளர் மிஸ் கிராலியின் கண்ணாடிக் கண் தட்டச்சு விசைகளின் மீது விழ, பரிசுத்தொகை ஒரு லட்சம் டாலர் என அச்சாகிவிடுகிறது. ஊரே வரிசையில் வந்து நிற்கிறது.

சுமார் 7.5 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுவதும் 63 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2021-ல் வந்த ‘சிங் 2’, கொரோனா காலத்திலேயே 40 கோடி டாலரைத் தாண்டியது.

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. முதல் நாள் படம் பார்த்துவிட்டு வெளியே வருபவர்களிடம் மதிப்பெண் கேட்டு வாங்கும். ‘சிங்’ படத்துக்கு அங்கே கிடைத்தது ‘ஏ’. ‘சிங் 2’-க்கு ‘ஏ பிளஸ்’, அதாவது இருப்பதிலேயே உயர்ந்த மதிப்பெண். விமர்சகர்களோ இவ்வளவு தாராளம் காட்டவில்லை. ‘பரவாயில்லை’ என்பதுதான் அவர்களில் பலரின் முடிவு.

குறை சொன்னவர்களின் வாதங்களைத் தொகுத்தால் மூன்று வரும். ஒன்று, பாத்திரங்கள் அதிகம். யாருடைய கதையும் முழுதாக நிற்பதில்லை. இரண்டு, ‘அரங்கு மூழ்கப்போகிறது, எல்லோரும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்திக் காப்பாற்றுவோம்’ என்பது ஹாலிவுட்டில் கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து வரும் கதை. மூன்று, பாட்டுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஹிட்டானவை. ஃபிராங்க் சினாட்ரா, எல்டன் ஜான், ஸ்டீவி வொண்டர், டெய்லர் ஸ்விஃப்ட் என்று பழைய புகழில் சவாரி செய்கிறது என்கிறார்கள்.

மூன்றாவது குறை நமக்குக் கொஞ்சம் வேறு மாதிரி வேலை செய்கிறது. அமெரிக்க அப்பா அம்மாவுக்கு அந்தப் பாட்டுகள் கல்லூரிக்கால நினைவு. ஈரோட்டில் உட்கார்ந்து பார்க்கும் பலருக்கு அப்படி இல்லை. இளையராஜா பாட்டு ஒன்று திரையில் திடீரென்று ஒலித்தால் நமக்குச் சிலிர்க்குமே, அந்தச் சிலிர்ப்பு இங்கே கிடைக்காது. அதனால் பெரியவர்களுக்குப் பாதிப் படம் வெறும் சத்தமாகப் போய்விடுகிறது. குழந்தைகளுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. எந்தப் பாட்டும் அவர்களுக்குப் புதுப் பாட்டுதான்.

ரசிகர்கள் எதைப் பிடித்துக்கொள்கிறார்கள்?

நான் இரண்டாம் தடவை பார்த்தபோது மாட்டிக்கொண்டது ரோசிட்டாவிடம். 25 குட்டி போட்ட அம்மா பன்றி. பாட ஆசை. வீட்டு வேலையை யார் பார்ப்பது? கயிறு, கப்பி, நெம்புகோல் எல்லாம் வைத்து ஓர் இயந்திரம் செய்கிறாள். அது குட்டிகளை எழுப்புகிறது, சாப்பாடு போடுகிறது, கணவன் கையில் சாவியைக் கொடுத்து அனுப்புகிறது. அவள் ஒத்திகைக்குப் போய்விடுகிறாள். வீட்டில் அவள் இல்லை என்பதை யாருமே கவனிக்கவில்லை.

அந்தக் காட்சிக்குக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் அம்மாவுக்குச் சிரிப்போடு வேறு ஒன்றும் வரும். காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டுகிறவளுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

கொரில்லாப் பையன் ஜானியின் அப்பா ஒரு திருட்டுக் கும்பலின் தலைவர். மகனும் தொழிலுக்கு வரவேண்டும் என்கிறார். பையனுக்குப் பாட்டு. தறிப்பட்டறையோ மளிகைக்கடையோ வைத்திருக்கும் அப்பாவிடம், ‘நான் வேற படிக்கறனுங்க’ என்று சொல்லத் தயங்கிய எந்தப் பையனுக்கும் ஜானி புரிவான். அப்பா சிறையில் இருந்தபடி டிவியில் மகன் பாடுவதைப் பார்க்கும் இடம்தான் படத்தின் உயிர் என்று நினைக்கிறேன்.

அப்புறம் மீனா. ஆமாம், யானையின் பெயர் மீனாதான். நல்ல குரல், ஆனால் மேடையைக் கண்டால் உடம்பு நடுங்கும். அவளைத் தள்ளித் தள்ளி அனுப்புவது அவளுடைய தாத்தா. இந்த இடத்தில் மட்டும் என் அப்பா பேப்பரை இறக்கிவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

ஆக, ‘பாத்திரங்கள் அதிகம்’ என்று விமர்சகர் சொல்லும் குறைதான் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குப் பலம். ஒரே சோபாவில் இருக்கும் நான்கு பேரும் ஆளுக்கு ஒரு விலங்கை எடுத்துக்கொள்கிறோம். அந்த விலங்குகளுக்குக் காடு கிடையாது, வேட்டை கிடையாது. வீட்டு வாடகை, மனைவி, மக்கள், கடன் என்று நம் கவலைகள் அத்தனையும் உண்டு.

இன்னொன்றையும் கவனிக்கலாம். போட்டி என்று ஆரம்பிக்கும் கதையில் கடைசியில் யாரும் ஜெயிப்பதில்லை. பரிசுப் பணமே பொய் என்று தெரிந்து, அரங்கமும் இடிந்த பிறகுதான், அந்த இடிபாட்டின் மீது நின்று எல்லோரும் பாடுகிறார்கள். 2006-ல் விஜய் டிவியில் ‘சூப்பர் சிங்கர்’ தொடங்கியதிலிருந்து, குழந்தைகள் பாட்டு என்றாலே மதிப்பெண், நடுவர், எலிமினேஷன் என்று பழகிவிட்ட நமக்கு இது கொஞ்சம் விசித்திரம். ‘முடிவுல யாருக்குங்க பிரைஸ்?’ என்று கேட்கத் தோன்றும். யாருக்கும் இல்லை.

1997-ல் தோற்ற ஒரு பூனை

‘சிங்’ வருவதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே இதே ஆசையை வைத்து ஒரு படம் வந்தது. பெயர் ‘கேட்ஸ் டோன்ட் டான்ஸ்’. இயக்கம் மார்க் டிண்டால். பாடல்கள் ராண்டி நியூமன். புகழ்பெற்ற நடனக் கலைஞர் ஜீன் கெல்லி நடன ஆலோசகராக இருந்தார். படம் வருவதற்கு முந்தைய ஆண்டே அவர் இறந்துவிட, படம் அவருக்கே அர்ப்பணிக்கப்பட்டது.

கதை 1939-ல் நடக்கிறது. டேனி என்ற பூனை, இண்டியானா மாநிலத்துச் சிற்றூரிலிருந்து பெட்டியோடு ஹாலிவுட்டுக்குப் பஸ் ஏறுகிறது. ஆடத் தெரியும், பாடத் தெரியும். வாய்ப்பும் கிடைக்கிறது, நோவா பேழைக் கதை ஒன்றில். வசனம்? ஒரே ஒரு சொல். ‘மியாவ்’.

அங்கே அதுதான் சட்டம். நாயகி டார்லா டிம்பிள் என்ற குழந்தை நட்சத்திரம், மனிதப் பிறவி. விலங்குகள் பின்னால் நிற்க வேண்டும். பூனை மியாவ் சொல்ல வேண்டும். பியானோ வாசிக்க ஆசைப்பட்டு வந்த யானை உல்லி, கம்பெனியின் சின்னமாக நின்று பிளிறிக்கொண்டிருக்கிறது. டேனி அந்த ‘மியாவ்’-ஐக் கொஞ்சம் ராகம் போட்டுப் பாடிவிடுகிறது. வம்பு அங்கே ஆரம்பம்.

கதை ஏன் 1939-ல் வைக்கப்பட்டது என்று யோசித்தால் இன்னொரு கதவு திறக்கும். அதே ஆண்டு வெளியான ‘கான் வித் த விண்ட்’ படத்தில் வேலைக்காரியாக நடித்தவர் ஹாட்டி மெக்டேனியல். அடுத்த ஆண்டு ஆஸ்கர் வென்றார். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். ஆனால் விருது விழாவில் சக நடிகர்களோடு அவரை உட்காரவிடவில்லை. சுவரோரம் தனி மேஜை. கறுப்பினக் கலைஞர்களுக்கு அன்றைய ஹாலிவுட் வைத்திருந்தவை வேலைக்காரி, சமையல்காரர், காவலாளி வேடங்கள்தான். பூனைக்கு மியாவ் மாதிரி. இந்தப் படத்தை அந்த வரலாற்றின் உருவகமாகப் பார்க்கும் ரசிகர்கள் நிறைய உண்டு.

படம் என்ன ஆனது? சுமார் 3.2 கோடி டாலர் செலவு. அமெரிக்க வசூல் 35 லட்சம் டாலருக்குச் சற்று மேல். தயாரித்த டர்னர் நிறுவனம் 1996-ல் டைம் வார்னரோடு இணைந்துவிட, படத்துக்குச் சரியான விளம்பரமே இல்லை. அதே 1997-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆனி விருதை வாங்கியது. தியேட்டரில் தோற்று, பின்னால் வீடியோவிலும் டிவியிலும் பார்த்த குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகி, ‘இது ஏன் ஓடலை?’ என்று கேட்கும் படமாக இன்று நிற்கிறது.

இரண்டு படங்களுக்கும் வித்தியாசம் இதுதான். ‘சிங்’ படத்தில் விலங்குகளுக்கு எதிரி அவர்களுடைய பயமும் வறுமையும். ‘கேட்ஸ் டோன்ட் டான்ஸ்’ படத்தில் எதிரி, யார் முன்னால் நிற்கலாம் என்று முடிவு செய்கிற ஆள். முதலாவது ‘தைரியமா இரு’ என்கிறது. இரண்டாவது ‘கதவைத் திற’ என்கிறது. அனிமேஷன் ரசிகர்களுக்குள் எது சிறந்தது என்று நடக்கும் சண்டைக்கு அடியில் இந்த வித்தியாசமும் இருக்கிறது.

நம்ம ஊர் விலங்கு நட்சத்திரங்கள்

பொம்மப் படம் பிடிக்காத என் அப்பா, விலங்குப் படம் பிடிக்காதவர் இல்லை. ‘தேவர் படம் பாத்தவங்களுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?’ என்பார். அவர் சொல்வது சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவரை. கோவையில் பிறந்தவர், உடற்பயிற்சிக்காரர், மருதமலை முருகனின் பக்தர். 1956-ல் தேவர் பிலிம்ஸின் முதல் படம் ‘தாய்க்குப் பின் தாரம்’. அதிலேயே எம்.ஜி.ஆர். காளையோடு மோதும் காட்சி உண்டு.

அதன்பிறகு விலங்குகளை அவர் கதைக்குள்ளேயே கொண்டுவந்தார். 1971-ல் ராஜேஷ் கன்னாவை வைத்து இந்தியில் எடுத்த ‘ஹாத்தி மேரே சாத்தி’ நாடு முழுவதும் ஓடியது. 1972-ல் அதே கதை எம்.ஜி.ஆர். நடிக்க ‘நல்ல நேரம்’ ஆனது. 1977-ல் சிவகுமார், ஸ்ரீப்ரியா நடித்த ‘ஆட்டுக்கார அலமேலு’ படத்தில் ஒரு ஆடு கிட்டத்தட்ட கதாநாயகன். கதாநாயகன் யாராக இருந்தாலும், யானைக்கும் ஆட்டுக்கும் பாம்புக்கும் கைதட்டுவதற்கென்றே குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

தேவர் படத்து விலங்கு என்ன செய்யும்? எஜமானைக் காப்பாற்றும். ‘ஹாத்தி மேரே சாத்தி’யில் ராமு என்ற யானை தன் உயிரையே கொடுக்கிறது. தியேட்டரே அழுதது என்று அப்பா இன்னமும் சொல்வார். அந்த அழுகை பொய்யில்லை. மாட்டுக்குப் பேர் வைத்து, பட்டிப் பொங்கலுக்குக் குளிப்பாட்டிப் பொட்டு வைக்கிற ஊர் இது. விலங்கை வீட்டு ஆளாகப் பார்ப்பது நமக்குப் புதிது இல்லை.

ஆனால் அந்த யானைக்குத் தனக்கென்று ஓர் ஆசை உண்டா? அதைப் படம் கேட்காது. யானையின் வேலை விசுவாசம். டேனி பூனையும் மீனா யானையும் கேட்பது வேறு: ‘எனக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?’ இந்தக் கேள்விக்குப் பழகாத கண்ணுக்கு அனிமேஷன் படம் வெறும் பொம்மையாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

நிஜ விலங்குகள் திரையில் ஏன் குறைந்தன?

ரசனை மாறியது ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்தது. 1998 அக்டோபரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு, கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டத் தடை விதித்தது. சர்க்கஸ்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2001 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. 2011-ல் அந்தப் பட்டியலில் காளையும் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஜல்லிக்கட்டுக்காக நடந்த வழக்குகளும் போராட்டமும் நாம் அறிந்ததுதான்.

குதிரை, நாய் போன்றவை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 2001-ம் ஆண்டு விதிகளின்படி, நிகழ்ச்சியிலோ படத்திலோ பயன்படுத்தும் விலங்கைப் பதிவு செய்ய வேண்டும். சினிமா என்றால் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். படத்தின் தொடக்கத்தில் ‘எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை’ என்று வரும் வாசகமும், காட்சியின் ஓரத்தில் வரும் ‘சிஜிஐ’ என்ற எழுத்தும் அதன் விளைவு.

இப்போது சிங்கம் நடிக்கவேண்டும் என்றால் கம்ப்யூட்டர்தான் வழி. 2019-ல் ‘தி லயன் கிங்’ தமிழில் வந்தபோது சிம்பாவுக்குச் சித்தார்த்தும், ஸ்காருக்கு அரவிந்த்சாமியும், பும்பாவுக்கு ரோபோ சங்கரும், டிமோனுக்குச் சிங்கம்புலியும் குரல் கொடுத்தார்கள். பாட்டும் பேச்சும் நம் காதுக்கு வந்தவுடன், ‘பொம்மப் படம்’ என்று ஒதுங்கியவர்கள்கூடக் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள். மொழி சேர்ந்தால் பாதி தூரம் குறைந்துவிடுகிறது.

சரி, குழந்தையோடு எப்படிப் பார்ப்பது?

இதற்கு என்னிடம் இருப்பது ஓர் அனுபவம் மட்டும்தான்.

போன வருடம் மகளின் பள்ளி ஆண்டு விழா. நாடகத்தில் அவளுக்கு ஆட்டு வேடம். வசனம்: ‘மே’. இரண்டு தடவை. அவ்வளவுதான். எனக்குச் சுரீர் என்றது. வீட்டில் நாள் முழுக்கப் பாடுகிற பிள்ளைக்கு ஒரு ‘மே’-யா? டேனி பூனையின் கதையைப் படித்து வைத்திருந்த கோபமும் சேர்ந்துகொண்டது. மறுநாள் பள்ளிக்குப் போய் ஆசிரியையிடம் கேட்டேவிட்டேன்: “ஏனுங்க மிஸ், அவ நல்லாப் பாடுவா. வேற வேஷம் தரக் கூடாதுங்களா?”

அவர் கொஞ்சம் குழம்பிப் போனார். “பாட்டுதாங்க மேடம் முதல்ல குடுத்தோம். அவதான் ஆடு வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டா.”

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: “ஆடுன்னா நானே எப்படி வேணாலும் நடக்கலாமுங்கம்மா. பாட்டுன்னா மிஸ் சொல்ற மாதிரியே நிக்கணும். அது எனக்குப் புடிக்கல.”

பேசாமல் இருந்துவிட்டேன். மீனாவைத் தள்ளிவிடும் தாத்தா சரி என்றும், டேனியை அடக்கும் டார்லா தப்பு என்றும் எனக்கு நன்றாகத் தெரியும். என் மகளிடம் ‘உனக்கு என்ன பிடிக்கும்?’ என்று நான் கேட்டதில்லை என்பதுதான் தெரியாமல் இருந்தது. மேடைக்குத் தள்ளுவதும், மேடையிலிருந்து தள்ளுவதும், கேட்காமல் செய்தால் ஒன்றுதான்.

எனவே இந்தப் படங்களைக் குழந்தைகளோடு பார்க்கிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. ‘பாரு, தைரியமா இருந்தா ஜெயிக்கலாம்’ என்று படம் முடிந்ததும் பாடம் எடுக்க வேண்டாம். ‘இதுல உனக்கு யாரப் புடிச்சது? ஏன்?’ என்று மட்டும் கேளுங்கள். மீனாவைச் சொல்லும் குழந்தை பயத்தைப் பற்றிப் பேசக்கூடும். ஜானியைச் சொல்லும் பிள்ளை அப்பாவைப் பற்றிப் பேசக்கூடும். மேடைக்கு வராமல் ஓரத்தில் விளக்குப் போடும் பாத்திரத்தைச் சொல்லும் குழந்தையும் இருக்கும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விமர்சகரின் நட்சத்திர மதிப்பெண் இதைச் சொல்லாது.

ஆண்டு விழா அன்று ஆடு இரண்டு தடவைக்குப் பதிலாக ஐந்து தடவை ‘மே’ என்றது. மேடை முழுக்க ஓடியது. முன்வரிசையில் அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இந்த ஆடிக்கும் அந்தியூர் போனோம். குதிரை ஆடியது. கூட்டம் கைதட்டியது. மகள் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாதான் கொஞ்ச நேரம் குதிரையின் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “வெயில்ல நிக்குது பாரு சாமி. தண்ணி கிண்ணி வெச்சாங்களான்னு அந்தாளக் கேட்டுட்டு வரட்டுமா?”